பலகையில் பெய்த மழை

ரேடியோவில் மழை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் சொல்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சப்ரகமுவ மாகாணத்தில் சில இடங்களில் மாலை வேளையில் மழை பெய்யக்கூடும் என்பார்கள். சில இடம் என்றால் எந்த இடம்? இரத்தினபுரிப் பக்கம் கொட்டினாலும் சொன்னது சரியாகிவிடும். தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டு நனைந்தாலும் சரியாகிவிடும். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் மலையில் புழுதி பறந்தாலும் அவர்கள் பேச்சில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் தப்பாகாத பேச்சைப் பேசுகிற ஆளிடம் நான் கால் கிலோ மிளகாய்கூட வாங்க மாட்டேன்.

மருமகளின் போனில் இன்னும் மோசம். அதில் ஒரு மேகம் வரும், மேகத்துக்குக் கீழே மூன்று சொட்டு வரும். "இன்னைக்கு நாலு மணிக்கு மழை காட்டுது மாமி" என்பாள். நாலு மணிக்கு நான் வாசலில் நின்று பார்ப்பேன். வெயில் என் முகத்தில் அடிக்கும். திரும்பி வந்து கேட்டால், "இப்ப ஆறு மணின்னு காட்டுது" என்பாள். நேரத்தை மாற்றி மாற்றிச் சொல்வதற்குப் போன் எதற்கு?

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், இதையும் அப்படி ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நாற்பத்தோரு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். என் கூடையில் முற்றல் இலை கிடந்தது என்று சொன்ன ஆள் ஒருவரும் இல்லை. மண்ணைக் கையில் எடுத்தால் அது எத்தனை நாளாகக் காய்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் அந்த வருஷம் தை மாசத்தில் ஆரம்பித்த வறட்சியை ரேடியோ சொல்லும் முன்பே நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

தை, மாசியில் இந்தப் பக்கம் கொஞ்சம் காயும், அது வழக்கம்தான். கீழ் மலையில் ரப்பர் மரங்கள் இலை சிவந்து கொட்டும். நடந்தால் காலடியில் சரசரவென்று கேட்கும். பிறகு புது இலை விடும், மழையும் எட்டிப் பார்க்கும். அந்த வருஷம் ரப்பர் துளிர்த்து முடிந்தும் வானம் திறக்கவில்லை. கிழக்கேயிருந்து காய்ந்த காற்று அடித்தது. வரிசை வீடுகளாக நாங்கள் குடியிருக்கிற லயத்துப் பீலியில் மணிக்கட்டுத் தடிமனில் விழுந்த தண்ணீர் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்தது. ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு வீட்டுச் சண்டை பேசித் தீர்ந்துவிடும், அவ்வளவு நேரம் பிடித்தது.

எனக்குக் குடத்தைவிடப் பெரிய கவலை மேலே இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோட்டம் தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்தது. எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது லயத்துக்கு மேலே பாறை ஓரத்துத் துண்டு. பாதி இடத்தில் செடி செத்து வெறுமையாகக் கிடந்தது. யாரும் வேண்டாம் என்று தள்ளியதைத்தான் எனக்குக் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மருமகள் கார்மெண்ட்ஸுக்குப் போகிறாள், ஆகவே அது என் கைக்குத்தான் வந்தது. நான் புல் வெட்டினேன், கவ்வாத்துப் பண்ணினேன், ஐப்பசி மழையில் வெறுமையான இடமெல்லாம் புதுக் கன்று வைத்தேன். ஒவ்வொரு கன்றுக்கும் கெக்கில்ல என்கிற பெரணிச் செடி ஒடித்து வந்து நிழலுக்குக் குத்தினேன். மழைக்காலம் முடியும்போது அந்தத் துண்டைப் பார்த்தால் ஒரு குடும்பம் குடியேறின மாதிரி இருந்தது. அப்புறம்தான் அதன்மேல் மற்றவர்களுக்கும் கண் விழுந்தது.

பேச்சு இதுதான். பங்குனியில் தோட்டத்தை நடத்துகிற துரை வந்து கன்றுகளைப் பார்ப்பார். மழை இல்லாமல் செத்தது என்று ஆபீஸ் ஒப்புக்கொண்டால் செத்த இடத்துக்குத் தோட்டமே புதுக் கன்று கொடுக்கும், துண்டும் நம்மிடம் இருக்கும். கவனிக்காமல் விட்டதால் செத்தது என்றால் துண்டு வேறு குடும்பத்துக்குப் போகும். மாசி பாதியில் என் கன்றுகளில் மூன்றில் ஒன்று கருகிவிட்டது. ஓடையிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் தூக்கி ஏறுவேன், ஆளுக்கு ஒரு டம்ளர் கணக்கில் ஊற்றுவேன். இந்த வயசில் அதற்கு மேல் கால் கேட்கவில்லை.

ஒருநாள் துரை மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். சிங்கள ஆள், ஆனால் நம்மோடு தமிழில்தான் பேசுவார்.

"என்னம்மா, கன்னு செத்துப் போகுதே" என்றார்.

"மழை இல்ல தொரை."

"நமக்குத் தெரியும் காயுதுன்னு. ஆனா கம்பெனி கேக்குறது ஆபீஸ் கணக்கு. அதுல ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா மழை இருக்கு. கொஞ்சம் கொஞ்சம். ஆனா இருக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். அதில் கிளாக்கர் ஐயா தினமும் முந்தின நாள் மழை எத்தனை மில்லிமீட்டர் என்று சாக்கட்டியால் எழுதுவார். அத்தனை வருஷம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒருநாளும் நின்று படித்ததில்லை. மழை பெய்தால் எனக்குத்தான் தெரியுமே, பலகையை எதற்குப் படிக்க வேண்டும்? அன்றைக்குப் போய் நின்றேன். இலக்கம் எனக்கு நன்றாகப் படிக்க வரும். மூன்று என்று எழுதியிருந்தது. என் செருப்பில் புழுதி ஒட்டியிருந்தது.

கிளாக்கர் ஐயா நம்ம ஆள்தான். புளத்கொகுபிட்டிய டவுன் பக்கமிருந்து காலையில் வந்து மாலையில் போகிறவர். அவருடைய அண்ணன் குடும்பம் எங்களுக்குப் பின் லயத்தில் இருக்கிறது. அந்த அண்ணன் பெண்சாதி என் துண்டைப் பற்றி இரண்டு தடவை விசாரித்திருக்கிறாள் என்று எனக்குக் காதில் விழுந்திருந்தது. அதையும் பலகையையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கினமாதிரி இருந்தது.

"ஐயா, இந்த மூணு எப்ப பேஞ்சிச்சு?" என்று கேட்டேன்.

"ராத்திரி பேஞ்சிருக்கும் பெரியம்மா."

"எந்த ஊரு ராத்திரி?"

அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நான் வானத்தப் பாத்து எழுதுறதில்ல. பாத்திரத்தப் பாத்து எழுதுறேன். அதுல என்ன இருக்கோ அதுதான் பலகையில."

"பாத்திரம் ஆபீசுக்குள்ளயா இருக்கு?"

"வெளியதான். புல்லுல நிக்குது."

"என் கன்னும் வெளியதான் ஐயா நிக்குது."

"தூறிட்டுப் போயிருக்கும். நீங்க தூங்கியிருப்பீங்க."

"என் வயசுல தூங்குறது யாரு? தகரத்துல பூனை நடந்தாலே முழிச்சிருவேன்."

அவர் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தப்புச் செய்கிறவன்தான் சிரித்துக்கொண்டே குனிவான் என்று மனசில் எழுதிக்கொண்டேன்.

பீலியடியில் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்கிற ஆள் இல்லை நான். குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்களெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"கிளாக்கர் ஐயா தலைக்கு நேரா மட்டும் பேயுதோ என்னமோ."

"அவரு மொட்டைத் தலைக்கு அது வேணும்தான்."

"அப்ப நாளைக்குக் குடத்தத் தூக்கிக்கிட்டு அவரு பின்னாலயே போவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலை. வாய் மூடாத ஆள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸில் வேலை செய்கிறவள், கிளாக்கர் ஐயாவுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளை நான் முழுசாக நம்பினதும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவள் பத்துச் சொன்னால் ஆறு எடுத்துக்கொள்வேன்.

எனக்குச் சாட்சி வேண்டும் என்று தோன்றியது. கோழிக்கூட்டுக்கு மேலே ஓர் அலுமினியச் சட்டியை வானம் பார்க்க வைத்தேன். நான்கு நாள் காலையில் எட்டிப் பார்த்தேன். நான்கு நாளும் உள்ளே புழுதியும் ஒரு காய்ந்த இலையும்தான். அந்த நான்கு நாளில் பலகை இரண்டு நாள் மழை என்றது. சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

கிளாக்கர் ஐயா உள்ளே எட்டிப் பார்த்தார். "கோழி குடிச்சிருக்கும்" என்றார்.

"கோழி குடிச்சா எச்சமாவது இருக்கும் ஐயா."

"பெரியம்மா, உங்க சட்டிய யாரும் ஏத்துக்க மாட்டாங்க. அளவு பாத்திரம்னு ஒண்ணு இருக்கு. வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க."

அந்த மனுஷன் அப்படி என்னை அழைத்துப்போய்க் காட்டியது அப்போது எனக்குப் பெரிய தந்திரமாகத்தான் பட்டது. ஆபீஸ் முற்றத்துப் புல்லில் ஒரு செம்பு உருளை சிமெந்தில் பதித்து நின்றது. மேல்வாயில் புனல், உள்ளே ஒரு போத்தல். அவர் புனலைக் கழற்றிப் போத்தலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் ஊற்றினார். கண்ணுக்கு நேராகப் பிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டரை. பாத்தீங்களா?"

பார்த்தேன். தண்ணீர் இருந்தது. ஆனால் அது மழைத் தண்ணீர் நிறமில்லை.

"மஞ்சளா இருக்கே ஐயா."

"சில நாள் அப்பிடித்தான். உள்ளுக்குத் துருவா இருக்கும்."

"செம்புக்கு ஏது மஞ்சத் துரு? பச்சையாத்தான பூக்கும்?"

நான் விரலை விட்டு முகர்ந்து பார்த்தேன். மஞ்சள்தான். அரைத்த மஞ்சள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. மஞ்சளைக் கரைத்து ஊற்றுகிற காரியம் ஆபீசில் எதற்கு நடக்கிறது? செய்வினை என்றுதான் நினைத்தேன். அண்ணன் பெண்சாதி என் துண்டுக்காக ஏதோ செய்து வைத்திருக்கிறாள், கொழுந்தன் அதற்குக் காவல் நிற்கிறான். அன்றைக்கே வழியில் துரையைக் கண்டு, "பலகை பொய் சொல்லுது தொரை, அந்தக் கணக்க நம்பாதீங்க" என்று சொன்னேன். மஞ்சளைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் செய்கிற ஆளைக் கையோடு பிடிக்க வேண்டும் என்று இருந்தேன். துரை மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். "பாக்குறேன்" என்றார்.

அடுத்தது வெள்ளிக்கிழமை. செய்வினை செய்கிறவர்கள் வெள்ளிக்கிழமையை விடமாட்டார்கள் என்பது என் கணக்கு. விடிந்தும் விடியாமலும் போய், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக்களத்துச் சுவருக்குப் பின்னால் நின்றேன். பனி முழங்காலில் ஈரமாகப் பட்டது. கொஞ்ச நேரத்தில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. என் நாத்தனார் முற்றம் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டி முடித்தாள். இடுப்பிலிருந்து ஒரு சின்னச் செம்பை எடுத்தாள். கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். உள்ளங்கையில் தண்ணீரை வாங்கி, அந்தப் புனலில் ஊற்றினாள்.

நான் வெளியே வந்தேன்.

"என்ன புள்ள பண்ற?"

"கூட்டுறேன் மதினி."

"கூட்டுறவளுக்குச் செம்பு எதுக்கு?"

அவள் செம்பை மறைக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு முதலில் குழப்பம் தந்தது.

"காலிப் பாத்திரம் வாயத் தொறந்து வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது மதினி. வீட்டுல அப்பிடி வைப்போமா? குடம் காலியானா கவுத்து வைப்போம். இல்லாட்டி ஒரு கை தண்ணியாவது ஊத்தி வைப்போம். இதக் கவுக்க முடியாது, சிமெந்து போட்டுப் பூசியிருக்கு. அதான்."

"மஞ்ச?"

"வெறுந் தண்ணிய வச்சா மாரியாத்தா எறங்குவாளா?"

"எத்தன நாளா இந்த வேல?"

"பொங்கல் முடிஞ்ச வாரத்துலருந்து. மொத நாள் ஊத்துன அன்னைக்குச் சாயங்காலமே தூறிச்சு, ஞாபகம் இல்லியா? அப்பறம் எப்பிடி மதினி விடுறது. வெள்ளி, செவ்வா ஊத்துவேன். மனசு கேக்காட்டி மத்த நாளும்."

அந்தத் தூறல் எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை என்பதும் ஞாபகம் இருந்தது.

"நீ ஊத்துற தண்ணியத்தான்டி அந்த ஐயா மழைன்னு எழுதிக்கிட்டிருக்காரு."

அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். "மழைய அளக்குற பாத்திரம்னு எனக்குத் தெரியும் மதினி. மழை வந்தா மழையத்தான அளக்கணும். என் கைத் தண்ணிய அவரு எதுக்கு அளக்குறாரு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "உங்க கன்னு கருகுதேன்னுதான் ஊத்துனேன்."

அது உண்மையா, அந்த நேரத்துக்கு வாயில் வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு, "இனி ஒரு சொட்டு ஊத்தக் கூடாது, யாருட்டயும் பேசவும் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு வேலை போகக் கூடாது, எனக்குத் துண்டு போகக் கூடாது. இரண்டும் இதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பலகையில் பூஜ்யம் வந்தது. மறுநாளும் பூஜ்யம். ஒரு வாரம் தாண்டியும் பூஜ்யம். பீலியடியில் என்னைப் பார்த்து, "பெரியம்மா சொன்ன பிறகுதான் பலகைக்குப் புத்தி வந்திச்சு" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் துரையும் அதே பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறை சொன்ன கையோடு பலகையில் மழை நின்றுவிட்டது. அப்படியென்றால் அதற்கு முன்னால் எழுதினது என்ன? ஆபீசில் உட்கார்ந்து கையால் எழுதினது. அவர் அப்படித்தான் கூட்டிக் கழித்தார். கிளாக்கர் ஐயாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் எழுத்தில் காரணம் கொடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

கிளாக்கர் ஐயா அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் லயத்து வழியாக வந்தார். சண்டை பிடிப்பார் என்று நான் தயாராக நின்றேன். அவர் வாசலுக்கு வராமல் வழியிலேயே நின்றார்.

"பெரியம்மா, பதினாலு வருஷமா அந்தக் கண்ணாடியக் கண்ணுக்கு நேரா புடிச்சுத்தான் பாத்திருக்கேன். சாஞ்சு பாத்தா ஒரு கோடு கூடிக் காட்டும், அதனால சாஞ்சு பாக்க மாட்டேன். இல்லாத மழைய நான் எழுதினதில்ல. உங்களுக்கு அத மட்டும் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

போய்விட்டார். கூடையில் முற்றல் இலை இருந்ததாக யாராவது என்னைச் சொல்லியிருந்தால் நானும் இப்படித்தான் வழியில் போய் நின்று சொல்லியிருப்பேன்.

இரண்டு நாள் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. கிளாக்கர் எழுதினது பொய் என்று ஆகிவிட்டால் வறட்சி உண்மை என்று ஆகிவிடும், துண்டு என் கையில் நிற்கும், செத்த இடத்துக்குத் தோட்டத்துக் கன்று வரும். வாயைத் திறந்தால், கணக்கைக் கெடுத்தது என் வீட்டு ஆள் என்று வரும். அப்புறம் எந்த முகத்தோடு எனக்குக் கன்று கேட்பது? துண்டே போனாலும் போகும். இதையெல்லாம் யோசித்தேன். எத்தனை தடவை யோசித்தாலும் அந்த மனுஷன் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் முன்னால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கு ஆபீசுக்கு வா. தொரைட்டச் சொல்லணும்."

"நீங்க போயிச் சொல்லுங்க மதினி."

"நான் தனியாச் சொன்னா நீ பொறவு இல்லன்னு சொல்லுவ."

"நான் தனியாச் சொன்னா முழுசாச் சொன்னேனான்னு நீங்க நம்ப மாட்டீங்க."

அது சரிதான். ஆகவே இரண்டு பேரும் போனோம்.

துரை முழுவதையும் கேட்டார். சிரிப்பாரோ கத்துவாரோ என்று பார்த்தேன், இரண்டும் இல்லை. எழுந்து முற்றத்துக்கு வந்தார். "ஊத்திக் காட்டுங்க" என்றார். நாத்தனார் பைப்படியில் செம்பை நிறைத்து வந்து, உள்ளங்கைத் தண்ணீரைப் புனலில் ஊற்றினாள். கிளாக்கர் ஐயா போத்தலை எடுத்தார். கண்ணாடியில் ஊற்றினார். கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அப்போதும் சாய்ந்து பார்க்கவில்லை.

"மூணே கால்" என்றார்.

துரை அந்தக் கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார். "ஹரி, சரி. கிளாக்கர் மேல தப்பு இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா அம்மா, இந்த ரெண்டு மாசத்துல எது மழை, எது இவங்க தண்ணி? யாருக்குத் தெரியும்? இத வச்சு நான் மழை இல்லன்னு கம்பெனிக்கு எழுத முடியாது. உங்க ஆளே கெடுத்திட்டாங்க."

வரும் என்று தெரிந்ததுதான்.

"பலகைய விடுங்க தொரை" என்றேன். "மண்ணு இருக்குல்ல. வந்து பாருங்க. நான் பாக்காம விட்டேனா இல்லியான்னு அது சொல்லும்."

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். கிளாக்கர் ஐயாவும் வந்தார், நாத்தனாரும் பின்னால் வந்தாள். துரை கெக்கில்லையை விலக்கிப் பார்த்தார். செத்த கன்று ஒன்றைப் பிடுங்கினார், அது குச்சி மாதிரி வந்தது. அந்தக் குழியில் கையை விட்டார். முழங்கை வரை போயும் விரலில் ஈரம் ஒட்டவில்லை. உயிரோடிருந்த கன்றின் அடியில் தோண்டினார். ஒரு டம்ளர் அகலத்துக்கு மண் கறுத்து ஈரமாக இருந்தது. அடுத்ததிலும் அப்படி. அதற்கு அடுத்ததிலும் அப்படி. ஓடை இருக்கும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"துண்டு உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். "ஆனா நல்ல கன்னு தரச் சொல்லி எழுத முடியாது. மழை வந்தா கன்னு வளக்குற தவரணையில கழிச்சுப் போட்டது இருக்கும். அதுல ஆகுறத எடுத்துக்குங்க."

நாத்தனாரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஆபீசிலிருந்து எடுத்து, தவரணைக்குத் தண்ணீர் ஊற்றப் போட்டார். "இவங்களுக்கு ஊத்துறதுல ஆசை" என்று கிளாக்கர் ஐயாவிடம் சிங்களத்தில் சொன்னார். எங்களுக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தாரோ, விளங்கட்டும் என்றுதான் சொன்னாரோ, தெரியாது. மழைப் பாத்திரத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூட்டினார்கள்.

கிளாக்கர் ஐயாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது வராது. பீலியடிக்குப் போனேன். முன்பு சிரித்த அதே பெண்கள் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். "கிளாக்கர் ஐயா எழுதினது சரி. தண்ணி ஊத்துனது எங்க வீட்டு ஆளு. தெரியாமப் பேசினது நான்" என்று சொன்னேன். அன்றைக்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் வழியில் கண்டால் தலையை ஆட்டுவார். பேச மாட்டார்.

சித்திரை கழிந்து வைகாசியில்தான் மழை உண்மையாக இறங்கியது. மூன்று நாள் விடாமல் பெய்தபிறகு படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு தவரணைக்குப் போனேன். கழித்த கன்றுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கோணல், சொத்தை, இலை வெளுத்தது. நாத்தனார் என்னைக் கண்டதும் எழுந்து, கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சாக்குப் போட்டு மூடி ஒரு வரிசை வைத்திருந்தாள்.

"இது உங்களுக்கு மதினி."

சாக்கை விலக்கினேன். தண்டு நேராக, இலை பச்சையாக நின்றன.

"இது கழிச்ச கன்னா?"

"கழிச்சதுதான்."

"யாரு கழிச்சா?"

"நான்தான் கழிச்சேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் மழையைப் பார்த்தாள்.

"எடுத்த எடத்துல கொண்டுபோயி வையி" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணு செஞ்சாலும் குத்தம். செய்யாட்டியும் குத்தம்."

"வையின்னு சொன்னேன்ல."

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய் வைத்தாள். எல்லாவற்றையும் வைக்கும்வரை நான் நின்று பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் மூலைக் குவியலுக்கு முன்னால் குந்தினோம். ஒவ்வொரு கன்றுப் பையாகப் புரட்டி, அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து, தேறுவதை ஒரு பக்கம் வைத்தோம். மத்தியானச் சங்கு ஊதும்வரை மழை படங்கில் அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் எடுத்து வைத்ததை நான் ஒருதடவை பார்த்தேன். நான் எடுத்து வைத்ததை அவளும் பார்த்தாள்.

அவள் எண்ணித் தொண்ணூற்றெட்டு என்றாள். நான் மறுபடி எண்ணினேன்.